நாயனம் கேட்டால் கண் மூடும் பிள்ளைக்கு

அப்பு,

முகூர்த்தத்துக்கு முன்னால் ஒரு மணி நேரம் நாயனக் கச்சேரி வைக்க வேண்டும், பாட்டுக்காரர்கள் வேண்டாம், ரிக்கார்டு வேண்டாம், வெறும் நாயனமும் தவிலும் போதும் என்று நீ எழுதியிருந்ததைப் படித்ததும் கடிதத்தோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அடுப்பில் கத்தரிக்காய் வெஞ்சனம் இருந்தது. அது தீய்ந்து நாற்றம் வந்த பிறகுதான் அடுப்பு என்று ஒன்று இருக்கிற நினைப்பே எனக்கு வந்தது. உன் அப்பா உள்ளே வந்து, "என்னடி, பயலுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா? மொகம் ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" என்றார். கடிதத்தை நீட்டினேன். படித்துவிட்டு, "கல்யாணத்துக்கு மேளம் வைக்காம தகரத்தையா தட்டுவாக? இதுக்குப் போயி வெஞ்சனத்தைத் தீய விட்டுட்டியே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த மனுஷனுக்கு எதுவும் நினைவில் நிற்காது. கொடுத்து வைத்தவர். உனக்கும் ஒன்றும் நினைவில்லை என்றுதான் நான் இத்தனை காலம் நம்பிக்கொண்டிருந்தேன். கோயம்புத்தூர் மில்லில் அத்தனை இரைச்சலுக்கு நடுவே வேலை பார்த்தும் உன்னை நாயனம் விடவில்லை என்றால், எனக்குத் தெரிந்ததை உனக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். நேரில் சொல்ல எனக்கு நா எழாது. அதனால் எழுதுகிறேன்.

நான் பயந்தாங்கொள்ளி என்பது ஊரறிந்த விஷயம். இடி இடித்தால் உனக்கு முன்னால் நான்தான் போர்வைக்குள் போவேன். நீ ஐந்து நிமிஷம் பிந்தி வீட்டுக்கு வந்தால் அதற்குள் உன்னை லாரியில் அடிபட வைத்து, ஆஸ்பத்திரியில் சேர்த்து, அழுதும் முடித்திருப்பேன். அதையெல்லாம் சொல்லி நீயும் உன் அப்பாவும் என்னைக் கேலி செய்திருக்கிறீர்கள். செய்யுங்கள், அந்தப் பயமெல்லாம் எனக்கே சிரிப்புத்தான். ஆனால் நாயனத்தைக் கண்டு நான் பயந்தது அந்த ரகமில்லை. அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணம் நீ.

நம் ஊர் சித்தையன்கோட்டைக்குக் கிழக்கே இருந்தது. சுற்றிலும் நெல்லும் வாழையும் கரும்புமாக இருக்கும். அறுப்பு முடிந்த கையோடு பூம்பூம் மாட்டுக்காரர் வருவார். தோளில் உறுமி, வாயில் ஒரு குட்டை நாயனம். மற்றப் பிள்ளைகள் மாடு தலையாட்டுவதை வேடிக்கை பார்க்கும். நீ மாட்டைப் பார்க்க மாட்டாய். என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டு நிற்பாய். ஒரு நாள் அவர் போன பிறகு, "அம்மா, ஒரு கெழவி வெறகு சொமந்துக்கிட்டு மலை ஏறுனா. ஏற ஏற வெறகு கூடிக்கிட்டே போச்சு. உச்சியில மூச்சு வாங்கி நின்னா. அப்புறம் வெறகைத் தூக்கிப் போட்டுட்டு சறுக்கிக்கிட்டே எறங்கிட்டா" என்றாய். "யாருடா உனக்கு இந்தக் கதையைச் சொன்னா?" என்று கேட்டேன். "நாயனந்தான் சொன்னுச்சு" என்றாய். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த மனுஷர் வாசித்தது மேலே மேலே ஏறி, ஓர் இடத்தில் மூச்சுப் பிடித்து நின்று, சரசரவென்று இறங்கியது என் காதிலும் இருந்தது. பிள்ளை சொன்னதில் ஒரு பிசகும் இல்லை. அதற்குப் பிறகு அவர் எப்போது வருவார் என்று நானே வழி பார்க்க ஆரம்பித்தேன். மொச்சை உரித்துக்கொண்டே, "ஏலே, இன்னைக்கு என்னடா பாத்தே?" என்று கேட்பேன். நீ சொல்லச் சொல்ல மொச்சை அது பாட்டுக்குக் கிடக்கும். அந்த நாட்களில் நான் சிரித்த சிரிப்பை அதற்குப் பிறகு சிரித்ததாக எனக்கு நினைவில்லை.

எனக்கும் படம் தெரியும் அப்பு. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. வாயால் பாடுகிற பாட்டுக்கு வார்த்தை இருக்கிறது. அது நம் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், இது மலை, இது மயில், இது முருகன் என்று காட்டிவிடும். நாமும் சமர்த்தாகப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம். நாயனத்துக்கு வார்த்தை கிடையாது. அது கதவை மட்டும் திறந்து வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. உள்ளே யார் இருக்கிறார்களோ அவர்கள் வெளியே வருகிறார்கள். உனக்குள்ளிருந்து கிழவியும் விறகும் வந்தார்கள். என்னைப் போன்றவளிடமிருந்து என்ன வரும்? ஊர்வலத்தில் நாயனம் கேட்டால் எல்லாரும் மாப்பிள்ளையைப் பார்ப்பார்கள். எனக்கு ஒரு கிணறு தெரியும். அதன் சுவரில் ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கும். நான் ஓடுவேன், ஓடிக்கொண்டே இருப்பேன், எட்டாது. வாசிப்பு நின்றதும் கிணறும் போய்விடும். வியர்த்துப்போய் உன்னைத் தேடிப் பிடித்து இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்வேன்.

பிறகு ஒரு பங்குனியில் காளியம்மன் கோவில் திருவிழா வந்தது. திரை போட்டு உள்ளே அம்மனுக்கு அலங்காரம் நடக்கிறது. வெளியே திண்டுக்கல்லிலிருந்து வந்திருந்த நாயனக்காரர் சுப்பையா, தவிலை நிறுத்தச் சொல்லிவிட்டுத் தனியாக ஒரு ராகத்தை எடுத்து நிதானமாக வாசித்துக்கொண்டிருந்தார். நீ என் மடியில் இருந்தாய். கண்ணை மூடினாய். "வெள்ளை மாடு ஒண்ணு" என்றாய், கொஞ்சம் சத்தமாகவே. "கரும்புக்குள்ள நிக்குது. தின்னு தின்னு, வெளிய வர வழி தெரியாம நிக்குது." எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது கருப்பையாவின் பெண்சாதி. அவர்கள் வீட்டு வெள்ளை மாடு அந்த வாரம்தான் கயிற்றை அறுத்துக்கொண்டு போயிருந்தது. அவள் திரும்பி உன்னைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. எழுந்து ஓடினாள். தீபாராதனை முடிவதற்குள் கருப்பையா மாட்டைப் பிடித்துக்கொண்டு கோவில் வாசலுக்கே வந்துவிட்டார். கரும்புக்குள்தான் நின்றதாம். தொலைந்த மாடு கரும்புக்குள் நிற்காமல் தாலுகா ஆபீசிலா நிற்கும்? இதை நான் அன்றைக்கே வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். கூட்டம் உன்னைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டு நின்றது.

உடுக்கைக்குச் சாமி வரும், உறுமிக்குச் சாமி வரும். அது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் பழக்கம். நாயனத்துக்கு இறங்கிய சாமியை யாரும் கண்டதில்லை. அதனால் இது சின்னச் சாமியாக இருக்காது என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. வெள்ளிக்கிழமை தோறும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கோவில் புங்கமரத்தடியில் நீ பலகையில் உட்கார வேண்டும், சுப்பையா வாசிக்க வேண்டும், உனக்குத் தெரிந்ததைச் சொல்ல வேண்டும், அதற்குப் பூசாரி பொருள் சொல்ல வேண்டும். "ஒரு குருவி பனைமரப் பொந்துக்குள்ள போகுது" என்பாய். "ஆகா, பொண்ணு உள்ளூர்லயே வாக்கப்படும்" என்பார் பூசாரி. சுப்பையாவுக்குத் தலைகால் புரியவில்லை. "என் மூச்சுக்குத்தாம்மா அம்மன் வர்றா. வேற எவனாச்சும் ஊதிப் பாக்கட்டும், காத்துத்தான் வரும்" என்று என்னிடமே சொன்னார். உன் அப்பா அந்தக் காலம் முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். நான் ஒருத்திதான் வெள்ளிக்கிழமை விடிந்தால் நடுங்குவேன்.

ஒரு நாள் நீ என்னிடம் வந்து, "அம்மா, ஒண்ணும் தெரியலேன்னா என்ன சொல்றது?" என்று கேட்டாய். "ஒண்ணும் தெரியலேன்னு சொல்லு, ராசா" என்றேன். "சொன்னேம்மா. பூசாரி மொகம் சுண்டிப்போச்சு. அப்புறம் சும்மா, பாம்பு தெரியுதுன்னு சொன்னேன்." அன்றைக்குக் குறி கேட்க வந்தவர் வீட்டுக்குப் போய்த் தன் வைக்கோல் போரையெல்லாம் பிரித்துப் போட்டுப் பாம்பைத் தேடினாராம். வைக்கோல் போனால் போகிறது. கண்ணை மூடிக் கதை பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை, எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துக் கதை கட்டக் கற்றுக்கொண்டுவிட்டதே என்றுதான் எனக்குப் பயம். அதே வாரம் பூசாரி வீடேறி வந்தார். ஆடி பிறந்ததும் உன்னைக் கோவிலோடு விட்டுவிட வேண்டும், இனி முடி வெட்டக் கூடாது, பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டியதில்லை என்றார். "சாமிக்கு எதுக்கும்மா பள்ளிக்கூடம்?" என்று சிரித்தார். உன் அப்பா பாதித் தலையை ஆட்டினார். மீதிப் பாதியையும் ஆட்டிவிட்டால் என் பிள்ளை என் பிள்ளையாக இருக்கப் போவதில்லை என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

அந்தச் சமயத்தில்தான் சின்னத்தாயி வந்தாள். பக்கத்து ஊர்க்காரி. கல்யாணமான மறு வருஷம் புருஷன் கொழும்புப் பக்கம் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவன், முதலில் கடுதாசி போட்டான், பிறகு அதுவும் நின்றுபோயிற்று. பல வருஷமாக ஒரு தகவலும் இல்லை. அவளைக் கூட்டிக்கொண்டு வந்தது அவள் கொழுந்தன். "அண்ணன் இருக்கானா இல்லையா? ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாப் போதும்" என்றான். எதற்கு இவ்வளவு அவசரம் என்று நான் கேட்கவில்லை. நிலம் என்று ஊருக்குள் பேசிக்கொண்டார்கள். அவன் பக்கத்தில் ஒரு மஞ்சப்பை இருந்தது. குனிந்து தண்ணீர்ச் செம்பை வைக்கும்போது அதன் வாய் திறந்திருந்ததைப் பார்த்தேன். உள்ளே மடிப்புக் கலையாத ஒரு வெள்ளைச் சேலை. அப்பு, அந்த நேரத்தில் எனக்கு வந்த பயத்தை எழுத என்னிடம் வார்த்தை இல்லை. என் பிள்ளை வாயிலிருந்து வருகிற சொல்லைக் கேட்டு, அந்த இடத்திலேயே, அந்தப் புங்கமரத்தடியிலேயே, அவள் தாலியைக் கழற்றிவிட்டு அந்தச் சேலையை உடுத்திவிடப் போகிறார்கள். அவள் பையைப் பார்க்கவில்லை. உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கை தாலிக் கயிற்றைத் திருகிக்கொண்டே இருந்தது.

சுப்பையா வாசிக்க ஆரம்பித்தார். மெதுவாக, இழுத்து இழுத்து, அழுகிறதா பேசுகிறதா என்று தெரியாத ஒரு வாசிப்பு. மரத்தடி கொள்ளாத கூட்டம். நீ கண்ணை மூடினாய். செத்த நேரம் கழித்து, "தண்ணியா இருக்கு" என்றாய். யாரோ "ஐயோ" என்று மூச்சை இழுத்தார்கள். "பெரிய தண்ணி. அதுக்குள்ள ஒரு ஆளு..." என்றாய். கொழுந்தன் கை பைக்குள் போயிற்று. நான் எப்போது எழுந்தேன், எப்படி அத்தனை பேரைத் தாண்டினேன் என்று எனக்கே தெரியாது. என் கை உன் வாயைப் பொத்தியிருந்தது. உன் பல் என் உள்ளங்கையில் பட்டது. நீ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய். எதற்கு என்று கேட்கிற மாதிரி இருந்தது.

பூசாரி எழுந்துவிட்டார். "சாமி வாயையா பொத்துறே? கையெடு! குடும்பமே வெளங்காமப் போயிரும்!" என்று கத்தினார். உன் அப்பா தூரத்திலிருந்து, "ஏய், ஏய்" என்றார். அதற்கு மேல் அவருக்கு வரவில்லை. எனக்கு ஏதோ தைரியம் வந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. பயம் ஒரு மட்டத்துக்கு மேலே ஏறினால் வாய் தன் பாட்டுக்குப் பேச ஆரம்பித்துவிடும், அவ்வளவுதான். "நாயனம் கேட்டா எனக்குந்தான்யா படம் தெரியுது" என்றேன். "அப்ப எனக்குள்ளயும் சாமியா? இங்க இருக்கிற அம்புட்டுப் பேரும் கண்ணை மூடுங்க. நாயனக்காரரே, நீங்க வாசிங்க. யார் யாருக்கு என்ன தெரியுதுன்னு அவுகவுக வாயால சொல்லட்டும். ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியலேன்னா, ஆடி வரைக்கும் எதுக்கு, இன்னைக்கே எம்புள்ளையக் கூட்டிக்கிட்டுப் போயிருங்க." சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. என்ன சொல்லித் தொலைத்தேன்! யாரும் வாயைத் திறக்காவிட்டால்?

சுப்பையா முறைத்தார். பிறகு, "தெரியாமப் போயிருமா? யாரு வாசிக்கிறது?" என்று நாயனத்தை எடுத்தார். அவருக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது. அன்றைக்கு அவர் வாசித்த மாதிரி அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. ஒருவர் பின் ஒருவராகக் கண்ணை மூடினார்கள். நான் மட்டும் மூடவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். முகங்கள் அசைந்தன, புருவம் ஏறியது, உதடு துடித்தது. ஆனால் பேச்சு வரவில்லை. வாசிப்பு நின்றது. அப்போதும் ஒருவரும் பேசவில்லை. என் கையிலிருந்து பிள்ளையை இப்போதே பிடுங்கப் போகிறார்கள் என்று உன்னை இறுக்கிக்கொண்டேன்.

கருப்பையாதான் முதலில் கனைத்தார். "தப்பா நெனைக்காதீக" என்றார். "எனக்கு இட்லி தெரிஞ்சுது. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு ஓட்டல்ல, ஆவி பறக்க." கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவர் பெண்சாதி, "வீட்டுல நான் வடிச்சுக் கொட்டுறது பத்தலையாக்கும்?" என்றாள். பிறகு எங்கள் தெரு மூக்கம்மா, கண்ணைத் திறக்காமலே, "எம்மக தெரிஞ்சா" என்றாள். "செவப்புப் பாவாடை கட்டிக்கிட்டுக் கல்லாங்காய் ஆடிக்கிட்டு இருக்கா. என்னைய நிமுந்துகூடப் பாக்கல." அந்தப் பெண் காலராவில் போனவள். சிரித்தவர்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். அதற்கப்புறம் மடை திறந்த மாதிரிதான். ஒருவருக்கு ரயில் தெரிந்திருக்கிறது. ஒருவருக்குப் பங்காளி சாணிக்குழிக்குள் விழுவது தெரிந்திருக்கிறது, அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். உன் அப்பாவுக்கு வயல் நிறையக் கொக்காம். "பூசாரி ஐயா, உங்களுக்கு?" என்று யாரோ கேட்டார்கள். "அம்மன்தான் தெரியுறா" என்றார். "எப்படி இருக்கா?" என்று கேட்டதும் அவர் குரல் இறங்கிவிட்டது. "முதுகு மட்டுந்தான் தெரியுது" என்றார். அந்த மனுஷர் மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் அந்த ஒரு சொல்லில் போய்விட்டது. அவருக்கும் பயம்தான் போலிருக்கிறது. அதற்குப் பிறகு உன்னைக் கோவிலோடு விடுகிற பேச்சை அவர் எடுக்கவில்லை.

கொழுந்தன் தனக்கு ஒன்றும் தெரியவில்லை என்றான். ஆனால் கண் சிவந்திருந்தது. பையின் வாயைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டான். சின்னத்தாயி மட்டும் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. நான் போய் அவள் தோளைத் தொட்டேன். "அவுக மொகம் வரலக்கா" என்றாள். "நானும் தேடித் தேடிப் பாக்குறேன், வரவே மாட்டேங்குது. எங்க அய்யாதான் வர்றாரு. தொழுவத்துல சாணி அள்ளிக்கிட்டு நிக்கிறாரு. என்னைப் பாத்து, ஏம்மா இம்புட்டு நாளா வரலேங்கிறாரு." சொல்லிவிட்டு அழுதாள். தேம்பித் தேம்பி அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து கொழுந்தனைப் பார்த்து, "நான் எங்க அய்யா வீட்டுக்குப் போறேன். உங்க அண்ணன் இருக்காரா இல்லையாங்கிறதை அவரே வந்து சொல்லட்டும். நீயும் சொல்ல வேணாம், இந்தப் பச்சப்புள்ளையும் சொல்ல வேணாம்" என்றாள். வரப்பில் இறங்கி நடந்தாள். ஒருவரும் தடுக்கவில்லை. அவள் கடைசிவரை தாலியோடுதான் இருந்தாள் என்று கேள்விப்பட்டேன். அவள் புருஷன் திரும்பி வந்தானா என்று நான் யாரிடமும் விசாரிக்கவில்லை. எனக்குப் பயம். நீ தண்ணீர் என்றாயே.

அந்த வாரமே உனக்குக் காய்ச்சல் கண்டது. உடம்பு அனலாகக் கொதித்தது. ஆத்தாள் என்னைப் பழிவாங்குகிறாள் என்றே நினைத்தேன். உச்சி வெயிலில் கோவிலுக்கு ஓடி, பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று, "ஆத்தா, எம்புள்ள வாயில பேசுனது நீ இல்லேன்னா சும்மா இரு. நீதான்னா, பொத்துன கை என்னோடது. என்னைய எடுத்துக்க, அவனைத் தொடாதே" என்று கத்தினேன். காய்ச்சல் தானாக இறங்கியது. அதற்குப் பிறகும் எனக்கு அந்த ஊரில் இருப்புக் கொள்ளவில்லை. அழுது, சாப்பிடாமல் கிடந்து, உன் அப்பாவை நச்சரித்துத் திண்டுக்கல்லுக்குக் குடி வந்தோம். பேகம்பூருக்குப் பக்கத்தில் வாடகை வீடு, உன் அப்பாவுக்குப் புகையிலைக் கிட்டங்கியில் மூட்டை அடுக்குகிற வேலை. டவுனில் நாயனம் இல்லாமல் தப்பித்துவிடலாம் என்று நினைத்தேன் பார், என் புத்தியை என்ன சொல்ல! கல்யாணத்துக்கு பேண்டு, சாவுக்கு பேண்டு, பார்க்கில் ரேடியோ. சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர்கள் வீட்டுச் சாவு ஊர்வலம் கிளாரினெட்டோடு எதிரே வந்தால் உன்னை இழுத்துக்கொண்டு பாயின் மளிகைக் கடைக்குள் ஓடுவேன். "என்னம்மா, மழையா பேயுது, இப்படி ஓடியாறீங்க?" என்பார் அவர். கடைக்குள்ளும் சத்தம் வரத்தானே செய்யும்? நீ அரிசி மூட்டை ஓரமாகக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பாய். ஒரே ஒரு தடவை, மனசு கேட்காமல், "என்னடா பாத்தே?" என்று கேட்டேன். கண்ணைத் திறந்து முதலில் என் கையைப் பார்த்தாய். "ஒண்ணுமில்லம்மா" என்றாய்.

அந்த "ஒண்ணுமில்ல" எனக்கு அப்போது பாயசம் குடித்த மாதிரி இருந்தது. பிள்ளை தப்பித்துவிட்டான் என்று சந்தோஷப்பட்டேன். பிறகு நீ எல்லாவற்றுக்கும் அதையே சொல்ல ஆரம்பித்தாய். பரீட்சை எப்படி? ஒண்ணுமில்ல. யாரோடு சண்டை? ஒண்ணுமில்ல. மில்லில் என்ன விசேஷம்? ஒண்ணுமில்லம்மா. நான் செய்தது தப்பு, மன்னித்துவிடு என்று எழுதுவதற்காக இந்தக் காகிதத்தை எடுக்கவில்லை. இன்றைக்கும் அந்தப் பலகையில் நீ உட்கார்ந்திருந்தால் இதே கையால் அதே வாயைப் பொத்துவேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பொத்திய கையை எப்போது எடுக்க வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

பரிசம் போட ஒட்டன்சத்திரத்துக்குப் போயிருந்தோமே, அன்றைக்குக் கொல்லைப்புறத்தில் கை கழுவப் போன என்னிடம் உனக்குப் பார்த்திருக்கிற பெண் தனியாக வந்தாள். "ஏனுங்க அத்தை, அவரு எப்பவுமே இப்படித்தானுங்களா? ஒரு வார்த்தகூடப் பேசலீங்களே" என்றாள். "அவன் சுபாவம் அப்படிம்மா. தங்கமான புள்ள" என்றேன். "நல்லவருதானுங்க. ஆனா உள்ளுக்குள்ள என்ன இருக்குதுன்னே தெரியாம ஒருத்தரோட போறதுக்குப் பயமா இருக்குதுங்க அத்தை" என்றாள். அந்தச் சொல் என்னைக் கொன்றுவிட்டது. பயம் என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. என்னைப் போல இன்னொருத்தி, உன் முகத்தைப் பார்த்துப் பார்த்து, இல்லாததையெல்லாம் கற்பனை செய்து நடுங்கிக்கொண்டு காலம் தள்ளப் போகிறாளா? வேண்டாம் அப்பு. நம் குடும்பத்துக்கு நான் ஒருத்தி போதும்.

ஆகையால் நாயனத்துக்குச் சொல்லிவிட்டேன். ஒரு மணி நேரம் தனியாக வாசிக்க வேண்டும் என்று நானே போய்ப் பேசி, வெற்றிலை பாக்கு வைத்துவிட்டு வந்தேன். பந்தலில் அவள் உன் பக்கத்தில் இருப்பாள். நீ கண்ணை மூடுவாய். மூடாமல் இருக்க உன்னால் முடியாது. வாசித்து முடித்ததும் அவளிடம் சொல். கிழவி வந்தால் கிழவியைச் சொல், மாடு வந்தால் மாட்டைச் சொல், செத்துப்போனவர்கள் வந்தால் அதையும் சொல். அதற்குப் பொருள் மட்டும் தேடாதீர்கள். படம் படமாகவே இருக்கட்டும். அவளுக்கு என்ன தெரிந்தது என்று கேட்டுக்கொள். வேறு ஏதாவது தெரிந்திருக்கும், அதற்காக அவளோடு வழக்குப் பிடிக்காதே. அந்தப் பெரிய தண்ணீருக்குள் இருந்த ஆள் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதையும், நினைவிருந்தால், அவளிடமே சொல். என்னிடம் வேண்டாம். நான் தாங்க மாட்டேன்.

எனக்கு என் மேல்தான் நம்பிக்கை இல்லை. நீ வாயைத் திறப்பதைத் தூரத்திலிருந்து பார்த்தால் என் கை தானாக எழுந்தாலும் எழும், நான் பந்தலைத் தாண்டி ஓடி வந்தாலும் வருவேன். அதனால் உன் அப்பாவிடம் சொல்லிவிட்டேன், கச்சேரி முடிகிறவரை என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளச் சொல்லி. "அத்தனை சனத்துக்கு முன்னாடியா? கூறு கெட்டவளே" என்று காது வரை சிவந்துபோனார். பிடித்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

உன் அம்மா